எங்கள் மெசின் தென் கரோலினாவுக்குப் போன வருடம்

தென் கரோலினா எங்கே இருக்கிறது என்று எங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சாப்பாட்டு அறைச் சுவரில் யாரோ அமெரிக்க வரைபடம் ஒன்றை ஒட்டிவிட்டார்கள். இடைவேளையில் கோப்பிக் குவளையும் கையுமாக அதன் முன்னால் நின்று எல்லோரும் விரலால் தேடினோம். பெயரில் தெற்கு என்று இருக்கிறதே, அடியில்தான் இருக்கும் என்று நான் புளோரிடாப் பக்கம் தேடினேன். அதற்கும் மேலே, கடலோரத்தில், வெட்டிய கேக் துண்டு போல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டுக்குத்தான் எங்கள் மெசின் போகப் போகிறது என்றார்கள்.

இது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில். கார்களின் கதவைச் சுற்றி மழைத்தண்ணீர் உள்ளே வராமல் ஒரு ரப்பர்ப் பட்டி ஓடுமே, அதைத்தான் நாங்கள் செய்தோம். பட்டி நீளமாகப் பக்கத்து மண்டபத்திலிருந்து வரும். அதன் நுனிகளை அச்சுக்குள் வைத்து, சூடாக்கி, அழுத்தி, கதவின் மூலைக்கு ஏற்றபடி ஒட்டுவது என் மெசினின் வேலை. வைப்பதும் எடுப்பதும் என் வேலை. வேறு பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் பல வருடமாக அந்த ஒரே மெசின் முன்னால்தான் நின்றேன். ஜெர்மனியில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டி மூன்று மாடி இறங்கிய பிறகு, அடுப்பை அணைத்தேனா என்று திரும்ப ஏறிப் போய்ப் பார்க்கிற ஆள். தபால்பெட்டியில் அரசாங்கத்தின் மஞ்சள் உறை கிடந்தால் பிரிக்காமல் இரண்டு நாள் மேசையில் வைத்திருப்பேன். ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் வருவதெல்லாம் எனக்கு எதிராகத்தான் வரும் என்று மனதில் ஒரு எண்ணம் பதிந்து போயிருந்தது.

விசயத்தை எங்களுக்குச் சொன்னவர் மைஸ்டர், அதாவது எங்கள் பகுதிக்குப் பொறுப்பான ஜெர்மன்காரர். நல்ல மனிதர், கதை குறைவு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார். எங்கள் ரப்பரை வாங்குகிற பெரிய கார் கம்பனி அந்த மாநிலத்துக்குப் போய்ப் பல வருடமாகிறது. நாங்கள் இன்னும் ரப்பரைக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அங்கே பழைய பருத்தி ஆலைகளெல்லாம் மூடி, ஊர் ஊராக ஆட்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். அதனால் மாநில அரசாங்கமே எங்கள் முதலாளியை வருந்தி அழைக்கிறது. நிலம் சும்மா. வீதி அவர்கள் போட்டுத் தருவார்கள். பல வருடத்துக்கு வரி இல்லை. ஆட்களைப் பழக்கும் செலவும் அவர்களுடையது.

"பெண்ணும் கட்டித் தருவார்களா?" என்று கேட்டார் பக்கத்து மெசினில் நிற்கும் துருக்கிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மைஸ்டரும் சிரித்தார்.

மெசின் போன பிறகு எங்களுக்கு என்ன என்று மைஸ்டர் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தாள். வந்த களைப்போடு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"காணி சும்மாவோ?"

"ஓம்."

"றோட்டும் போட்டு, வரியையும் விட்டுக் குடுத்து?"

"ஓம். ஆக்களைப் பழக்கிறதும் அவையள்தானாம்."

"அப்ப சீதனம் எண்டு சொல்லுங்கோவன். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஊரே சேர்ந்து சீதனம் குடுக்குது."

எனக்கு அதுவரை பொருளாதாரம் என்றால் பேப்பரில் வருகிற, விளங்காத ஒன்று. அவள் அப்படிச் சொன்னதும் முழுவதும் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கினதால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. மாப்பிள்ளை சீதனம் வாங்கிக்கொண்டு அங்கே போய்க் குடியிருந்தால், இஞ்சை இருக்கிற குடும்பத்துக்கு என்ன?

இலையுதிர்காலத்தில் அவர்கள் வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து, அந்த மாநில அரசாங்கத்தின் பயிற்சிப் பகுதி அனுப்பிய ஒரு சிறு கூட்டம். எங்கள் ஒவ்வொருவரின் பக்கத்திலும் அவர்களில் ஒருவர் நின்று வேலை பழக வேண்டும். வீடியோக் கமராவோடு ஒருவர் எல்லாவற்றையும் படம் பிடிப்பார். அதை வைத்து அங்கே இருப்பவர்களுக்குப் பாடம் நடத்துவார்களாம். என் மெசினுக்கு வந்தவர் ஒரு கறுப்பினப் பெண். ஐம்பதைத் தாண்டியவர். பருமனான உடம்பு, தலையில் இறுக்கிக் கட்டிய துணி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. என்னை மரியாதையாக "சேர்" என்று அழைத்தார். என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை. எனக்கு ஆங்கிலம் அரைகுறை. அவருக்கு ஜெர்மன் சுத்தமாக இல்லை.

அதனால் மேல்மாடியிலிருந்து ஒரு தம்பியை இறக்கிவிட்டார்கள். கோயம்புத்தூர் எஞ்சினியர், கணினியில் அச்சுகளின் படம் வரைகிறவர். அவருடைய தமிழ் எனக்கு இனிப்பாகக் கேட்கும். என்னுடைய தமிழ் அவருக்கு என்னவாகக் கேட்டதோ தெரியாது. நான் "ஏலாது" என்று சொன்னால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்பார்.

இரண்டாம் நாள் காலை. அந்த அமெரிக்க அம்மாவையே மெசினை இயக்கச் சொன்னார்கள். கமராக்காரர் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா கையுறையைக் கழற்றினார். மெசினின் இடது பக்கத் தூணை வலது உள்ளங்கையால் தொட்டார். பிறகு அந்தக் கையை எடுத்து, பாதுகாப்புக் கண்ணாடிக்கு மேலால், ஒரு கண்ணில் ஒற்றி, மற்றக் கண்ணில் ஒற்றினார். அதன் பிறகு கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

அது நான் செய்கிறது. ஒவ்வொரு காலையும், மெசினை இயக்கும் முன்பு. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறோமே, அப்படி. கை தன்பாட்டில் செய்துவிடும். முதல் நாள் நான் செய்ததை அவர் ஒன்று விடாமல் பார்த்து வைத்திருக்கிறார். பழகினவன் செய்வதை முதலில் அப்படியே செய், கேள்வியைப் பிறகு கேள் என்பது அவர்களுக்குச் சொல்லி அனுப்பிய முறையாம்.

கேள்வி வந்தது. தம்பி என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, மெசினைத் தொட்டுட்டு எதுக்குக் கண்ணைத் தொடறீங்கன்னு கேக்கறாங்க. சூடு பாக்கறதுக்கா, இல்ல கண்ணாடி சரியா இருக்கான்னு பாக்கறதுக்கான்னு."

"ஐயோ தம்பி, அது வேலையில்லை எண்டு சொல்லுங்கோ. வீடியோவில வெட்டச் சொல்லுங்கோ."

"அதை எதுக்குங்க வெட்டறது? சாமி கும்பிடறாருன்னு சொல்லிடறேன்."

"சாமி எண்டு சொல்லாதேங்கோ! மைஸ்டர் நிக்கிறார். கையுறை கழட்டினதுக்கே பேச்சு விழும்."

"அப்ப என்னதானுங்க சொல்லட்டும்? மெசினுக்குக் குட் மார்னிங் சொல்றாருன்னா?"

அங்கே ஒரு நகரத்து ஆட்கள் முழுவதும் வரிசையில் நின்று தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. யாராவது கை சுட்டுக்கொண்டால்? விசாரணை வந்தால்? ஜெர்மனியில் ஒருவன் பழக்கினான் என்று என் பெயர் போனால்? பத்து விநாடிக்குள் நான் வழக்கு, நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டேன்.

தம்பி அவரிடம் என்னவோ நீளமாகச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து இன்னொன்று கேட்டார்.

"தொடறப்ப மனசுக்குள்ள என்ன சொல்லுவீங்கன்னு கேக்கறாங்க."

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. "ஒண்டுமில்லைத் தம்பி. இண்டைக்கு ஒண்டும் நடந்திடக் கூடாது எண்டு. அவ்வளவுதான்."

அவர் மெல்லத் தலையாட்டினார். பருத்தி ஆலையில் தறிக்கு முன்னால் நின்ற காலம் முழுவதும் தானும் இதையே சொன்னதாகச் சொன்னார். தான் யேசுவிடம் சொன்னதாகவும், தறியில் கை வைத்துத்தான் சொன்னதாகவும். கமராக்காரரிடம் திரும்பி, அது இருக்கட்டும், வெட்டாதே என்றார். வெட்டினார்களா விட்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வார முடிவில் அவரையும் தம்பியையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். மனைவியின் கட்டளை. "ஒரு மனுசி கடல் கடந்து வந்து ஹோட்டல் அறையில பட்டர் பூசின பாண் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறா. நீங்கள் பக்கத்தில நிண்டுபோட்டு வாறியள். வெக்கமில்லையோ?"

சோறு, கோழிக் குழம்பு, பருப்பு, வெண்டிக்காய்ப் பால்கறி. வெண்டிக்காயைக் கண்டதும் அந்த அம்மா கையைத் தட்டினார். தங்கள் ஊரில் அது வீட்டுக்கு வீடு காய்க்குமாம். தக்காளியோடு சேர்த்துச் சோற்றுக்கு ஊற்றிச் சாப்பிடுவார்களாம். ஜெர்மனிக்கு வந்த பிறகு முதன்முதலாகச் சாப்பாடு என்று ஒன்றைப் பார்க்கிறேன் என்றாராம். மனைவிக்கு அது போதும். திரும்பத் திரும்பப் போட்டாள். தம்பிக்கு மொழிபெயர்க்கவே நேரம் போதவில்லை, சாப்பிட எங்கே நேரம்?

"தம்பி, நீங்கள் சாப்பிடுங்கோ. நாங்கள் கையால கதைக்கிறம்."

"பரவாயில்லீங்கக்கா. நீங்க பேசறதே எனக்குப் பாதிதான் புரியுது. அதையும் சேத்துத்தான் மொழிபெயர்க்கறேன்."

சாப்பிட்டு முடித்து, தேநீரோடு இருந்தபோது அவர் தன் ஆலையைப் பற்றிச் சொன்னார். அவருடைய தாயும் அங்கேதான் வேலை செய்தாராம். ஊரில் தேவாலயமும் விளையாட்டு மைதானமும் ஆலை கட்டியது. ஆலைச் சங்குச் சத்தத்துக்குத்தான் ஊரே எழும்பும். பிறகு தறிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி மெக்சிக்கோவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மெக்சிக்கோவிலிருந்து பழக வந்த பெண்களுக்கு வேலை காட்டிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அன்பான பிள்ளைகள் என்றார். தங்களுக்கு என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு காலை போனபோது ஆலை வாசல் படலையில் பூட்டுத் தொங்கியது. அப்போதுதான் தெரியும்.

இந்தப் புது வேலைக்காக அவர் மாநிலப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, பேரப்பிள்ளை வயதுக்காரரோடு இருந்து, சோதனை எழுதியிருக்கிறார். அவரும் பள்ளிக்கூடம் முடிக்காதவர்தான்.

மனைவி சீதனக் கதையை எடுத்துவிட்டாள். "தம்பி, இதையும் சொல்லுங்கோ. சீதனம் வாங்கின மாப்பிள்ளை வேற இடத்தில கூடத் தருவினம் எண்டால் அங்க போயிடுவான். அதைக் கேளுங்கோ, அந்த ஆலைக்கும் முந்தி ஊர்க்காரர் ஏதும் குடுத்தவையோ எண்டு."

தம்பி கொஞ்சம் திணறி, சீதனத்தை விளக்கி, கேட்டார். அந்த அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது. கொடுத்தார்கள் என்றார். தன் பாட்டன் காலத்தில். அப்போது கறுப்பினத்தவரை ஆலைக்குள்ளே எடுக்கவே மாட்டார்கள், ஆனால் ஊர் கொடுத்தது.

அதற்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்து ஒன்று கேட்டார். சின்னக் கேள்வி. தம்பி உடனே மொழிபெயர்க்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டவா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லீங்கக்கா. சும்மா."

"தம்பி, மறைக்காதேங்கோ."

"அந்த மெசின் எங்ககிட்ட வந்ததுக்கப்புறம் இவருக்கு என்ன ஆகும்னு கேக்கறாங்க."

நான் என்ன சொல்வது? மைஸ்டரிடம் கேட்கவில்லை. தொழிலாளர் குழுவிடம் கேட்கவில்லை. சாப்பாட்டு அறையில் நாளாந்தம் அந்த வரைபடத்துக்கு முன்னால் நின்று சிரித்துப் பகிடி விடுகிறோம். கேட்டால் நடந்துவிடும், கேட்காவிட்டால் நடக்காது என்பது போல. "தெரியாது" என்றேன். அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அவர்கள் போன பிறகு மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அந்த மனுசி வந்து ஒரு கிழமையும் ஆகேல்லை. கேட்டிட்டா. அதை நீங்களெல்லோ கேட்டிருக்க வேணும்."

"கேட்டால் என்னை முதல் ஆளா வெளியில விடுவாங்கள்."

"கேளாட்டி மட்டும் வைச்சிருக்கப் போறாங்களோ? அவா படலையில பூட்டைக் கண்டவா. அதுதான் கேக்கிறா."

பயிற்சிக்கு வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு தொழிலாளர் கூட்டம் வந்தது. சாப்பாட்டு அறையில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கம்பனி இயக்குநர் பெரிய திரையில் படங்கள் காட்டினார். அங்கே செம்மண் நிலத்தைச் சமப்படுத்துகிறார்கள். ஆளுநர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு நிற்கிறார். எல்லாம் நன்றாக நடக்கிறது என்றார். கடைசியில் கேள்வி உண்டா என்று கேட்டார். வழமை போல ஒரு கையும் எழவில்லை. கதிரைகள் அசையத் தொடங்கின.

என் கை மேலே போனது. நான்தான் தூக்கினேன், ஆனால் வேறு யாரோ தூக்குவது போல இருந்தது. நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் எனக்கு என் ஜெர்மன் கேட்கவில்லை. முந்தின இரவே மனதுக்குள் அழகான வசனம் ஒன்று பாடமாக்கி வைத்திருந்தேன். அதில் ஒரு சொல்லும் வரவில்லை.

"மெசின் போகிறது," என்றேன். "நாங்கள்?"

இயக்குநர் திரையை அணைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவர் போலவும் இருந்தது, ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தவர் போலவும் இருந்தது. சொன்னார். அங்கே செய்கிற ரப்பரைக் கார் கம்பனி ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் இங்கே வேலை நடக்கும். அடுத்த வருடக் கடைசி வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு எங்கள் பகுதி மூடப்படும். குழாய்கள் செய்யும் இரண்டாம் மண்டபத்தில் இடம் இருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. அந்த மெசின்களுக்குச் சோதனை பாஸ் பண்ணின ஆட்கள்தான் வேண்டும். படிக்க விரும்புகிறவர்களுக்குக் கம்பனி வகுப்பு ஒழுங்கு செய்யும்.

வெளியில் வந்ததும் துருக்கிக்காரர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"நீ ஏன் கேட்டாய்? நீ கேட்காவிட்டால் அந்த ஆள் சொல்லியிருக்க மாட்டான்."

"சொல்லாவிட்டால் நடக்காதா?"

"நடக்கட்டும். சொல்லாத வரைக்கும் எனக்கு நித்திரை வந்தது."

எனக்கு அன்றைக்குத்தான் நித்திரை வந்தது. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்ட செய்தி நல்ல செய்தி இல்லை. ஆனால் அதுவரை என் பயத்துக்கு உருவம் இல்லை. அடுப்பு, மஞ்சள் உறை, மெசின், எல்லாம் ஒரே பயம். இப்போது அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது: சோதனை.

வகுப்புக்குப் பெயர் பதியப் போனபோது மைஸ்டர் கேட்டார். "கடைசியாக எடுத்த பள்ளிச் சான்றிதழ்?"

"இல்லை."

"உங்கள் நாட்டில் எடுத்ததும் பரவாயில்லை. மொழிபெயர்த்துத் தரலாம்."

"அங்கேயும் இல்லை. எட்டாம் வகுப்பு."

அவர் பேனாவை வைத்துவிட்டு இன்னொரு படிவத்தை எடுத்தார். "அப்படியானால் முதலில் ஜெர்மன் எழுத்து வகுப்பு. அதற்குப் பிறகு இது. இரட்டை வேலை, தெரியும்தானே?"

வீட்டில் சொன்னபோது மனைவி பாராட்டவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. "எந்தெந்த நாள்? செவ்வாயும் வியாழனும் எண்டால் நான் பின்னேர வேலையை மாத்த வேணும்," என்றாள். பிறகு, "வாசிச்சுக் காட்டுங்கோ, நான் பிழை திருத்திறன். வயசுபோன ஆக்களோட கதைச்சுக் கதைச்சு என்ரை ஜெர்மன் உங்களைவிடத் திறம்."

அப்படித்தான் படித்தேன். அவள் உருளைக்கிழங்கு சீவுவாள், நான் மேசையில் இருந்து ரப்பர் எந்தச் சூட்டில் இறுகும் என்று ஜெர்மனில் வாசிப்பேன். வகுப்பில், தொழில் பழக வந்த பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் என் வழுக்கைத் தலை. மூன்றாவது நாள் வகுப்புக்குத் துருக்கிக்காரரும் வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். என் கொப்பியை இழுத்து, விட்ட பாடத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினார்.

மெசினைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து ஏற்றிய அன்று நான் வேலையில் நின்றேன். பாரந்தூக்கியில் அது ஆடிக்கொண்டு போனது. கவலைப்படுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் எனக்கு வந்த யோசனை, அதை அங்கே இறக்கும்போது அந்த அம்மா நிற்பாரா என்பதுதான். மேல்மாடித் தம்பி பிறகு ஒருநாள் சொன்னார், நின்றாராம். இப்போது ஒரு முழு வரிசைக்கும் அவர்தான் பொறுப்பாம். ஒரு ஊருக்கு வேலை வந்தது உண்மை. ஒரு ஊரிலிருந்து அது போனதும் உண்மை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. படித்தவர்களுக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை. அந்த மாநிலம் கொடுத்ததைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டிய படலைக்கு முன்னால் நின்றவர் அந்த அம்மா. ஆனால் கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் கூடிப் பேசுகிற மேசையில், மெசினுக்கு முன்னால் நிற்கிறவனுக்குக் கதிரை இல்லை என்பது மட்டும் தெரியும்.

முதல் தடவை சோதனையில் தவறிவிட்டேன். எழுத்தில் போய்விட்டது. இரண்டாம் தடவை பாஸ். துருக்கிக்காரர் முதல் தடவையே பாஸ் பண்ணி, என் கொப்பியால்தான் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். எங்கள் பகுதியில் இருந்த எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. சிலர் இழப்பீட்டோடு போனார்கள். அவர்களில் இருவரைப் பிறகு பஸ்சில் கண்டபோது என்ன கதைப்பதென்று தெரியாமல் வானிலையைப் பற்றிக் கதைத்தேன்.

இரண்டாம் மண்டபத்தில் எனக்குப் புது மெசின். பயம் போகவில்லை. இந்த மண்டபம் எந்த நாட்டுக்குப் போகும் என்று ஒவ்வொரு மாதமும் யோசிக்கிறேன். தொழிலாளர் கூட்டம் வந்தால், கேள்வி உண்டா என்று கேட்கும் முன்பே இயக்குநர் நான் இருக்கும் வரிசையைப் பார்க்கிறார். துருக்கிக்காரர் என் முழங்கையை இடிக்கிறார்.

"கையைத் தூக்கடா," என்கிறார். "நாங்கள் எல்லாரும் அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறோம்."

நெஞ்சு இப்போதும் அதே அளவு அடிக்கிறது. தூக்குகிறேன்.